பார்த்தீனியம் வந்த கதை

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தின் ஓரத்தில், வீடு கட்டாமல் போட்டிருக்கும் காலி மனையில், கல்லூரி மைதானத்தின் மூலையில்... இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி நிற்கும். கேரட் இலை போன்ற இலைகள். மூக்குத்தி அளவே உள்ள வெள்ளைப் பூக்கள். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதும் இல்லை. ஆடு மாடுகள் கூடப் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் புல்லைத்தான் மேயும். அந்தச் செடியின் பெயர் பார்த்தீனியம்.

பார்த்தீனியம் என்றால் விஷச்செடி, தொட்டால் அரிக்கும், மூச்சுத் திணறும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அது எங்கிருந்து வந்தது, எப்படி இவ்வளவு தூரம் பரவியது, எத்தனை பேருடைய தோலையும் வாழ்க்கையையும் கெடுத்தது என்ற வரலாறு அவ்வளவாகத் தெரியாது. "அமெரிக்கா அனுப்பிய கோதுமையோடு வந்தது" என்ற ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த ஒரு வரி முழு உண்மையா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

பிறந்த வீடு

பார்த்தீனியத்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள பகுதிகள், கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் சில பகுதிகள் ஆகியவை அதன் தாயகம். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1753-ல் வெளியிட்ட நூலிலேயே இதற்குப் பார்த்தீனியம் ஹிஸ்டெரோஃபோரஸ் என்று பெயர் சூட்டிவிட்டார். 'பார்த்தனோஸ்' என்றால் கிரேக்க மொழியில் கன்னிப்பெண் என்று பொருள். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது!

சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தச் செடி. இதே பார்த்தீனியம் பேரினத்தில் குவாயூல் என்று இன்னொரு செடி இருக்கிறது. அதிலிருந்து ரப்பர் எடுக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தென்கிழக்கு ஆசிய ரப்பர் தோட்டங்களைப் பிடித்துக் கொண்டபோது, அமெரிக்கா அவசர அவசரமாக அந்தச் செடியைப் பயிரிட்டது. ஆக, குடும்பம் முழுவதும் கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

தாயகத்தில் பார்த்தீனியம் ஒரு சாதாரணக் களைதான். கசப்பான அதன் சாற்றை அங்குள்ள மக்கள் நாட்டு மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். காரணம், அங்கே அதைத் தின்னும் வண்டுகள், தண்டைத் துளைக்கும் பூச்சிகள், இலையைத் தாக்கும் பூஞ்சைகள் எல்லாம் அதனோடேயே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்தவை. அவை அதை ஓர் அளவுக்கு மேல் பெருக விடுவதில்லை. கடல் தாண்டி வந்த செடிக்கு அந்தப் பகைவர்கள் யாரும் கூட வரவில்லை.

இந்தியாவில் முதலில் பார்த்தது யார்?

பாடப்புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் சொல்லப்படும் கதை இதுதான்: 1955-56-ல் பூனா நகரில் (இன்றைய புனே) முதன்முதலாக இந்தச் செடி காணப்பட்டது, அமெரிக்காவின் பி.எல்.480 திட்டத்தில் வந்த கோதுமையில் அதன் விதை கலந்திருந்தது.

இதில் முதல் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. 1956-ல் ஆர்.எஸ்.ராவ் என்ற தாவரவியலாளர், பூனாவில் காணப்பட்ட இந்தச் செடியை இந்தியாவுக்குப் புதியது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். அதற்கு முன்பே 1951-ல், பூனாவின் குப்பை மேடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இந்தச் செடி நிற்பதைப் பேராசிரியர் பராஞ்பே கவனித்திருந்தார்.

ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் இருந்த செடிகளின் பட்டியல் ஒன்றை வில்லியம் ராக்ஸ்பர்க் தயாரித்தார். ஹார்டஸ் பெங்காலென்சிஸ் என்ற அந்தப் பட்டியல் 1814-ல் அச்சானது. அதில் பார்த்தீனியத்தின் பெயர் இருக்கிறது! டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் உலர்தாவரச் சேகரிப்பிலும் 1880-ல் பிராண்டிஸ் சேகரித்த ஒரு மாதிரி இருப்பது 1970-களில் தெரிய வந்தது.

அப்படியானால் கோதுமைக் கதை பொய்யா? அவசரப்பட்டு அப்படியும் சொல்லிவிட முடியாது. பூங்காவில் ஒரு பாத்தியில் வளர்வது வேறு, நாட்டையே பிடித்துக் கொள்வது வேறு. 1814-க்கும் 1950-க்கும் இடையே சுமார் 140 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளில் பார்த்தீனியம் ஒரு தொல்லை என்று யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை. 1955-க்குப் பிறகு இருபதே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. எனவே ஒரு தடவை அல்ல, பல தடவை, பல வழிகளில் இந்த விதை இந்தியாவுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கோதுமையும் ஆண்டுக் கணக்கும்

பி.எல்.480 என்பது அமெரிக்காவின் பொதுச் சட்டம் எண் 480. குடியரசுத் தலைவர் ஐசனோவர் அதில் கையெழுத்திட்டது 1954 ஜூலையில். அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்தது 1956 ஆகஸ்டில். ஆனால் பூனாவில் செடி கண்ணில் பட்டது 1951-ல். பரவலாகத் தெரிந்தது 1955-ல். ஒப்பந்தம் வருவதற்கு முன்பே செடி வந்துவிட்டது! ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே, எல்லோரும் சொல்லும் கதையில் இருக்கும் ஓட்டை தெரிந்துவிடும்.

இதனால் அமெரிக்கத் தானியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்தே இந்தியாவுக்கு உணவுப் பஞ்சம்தான். 1951-லேயே இந்தியாவுக்கு அவசர உணவு உதவி வழங்க அமெரிக்கா தனிச் சட்டம் போட்டது. 19 கோடி டாலர் கடனில் சுமார் 20 லட்சம் டன் தானியம் வாங்க அது வழி செய்தது. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும் தானியம் பூனா வழியாக உள்நாட்டுக்குப் போவது இயல்பு. முதல் விதைகள் கோதுமை மூட்டையில் வந்திருந்தால், அது பி.எல்.480-க்கு முந்தைய மூட்டையாக இருக்க வேண்டும். பி.எல்.480 கப்பல்கள் பின்னால் வந்து விதையை மேலும் மேலும் கொண்டு வந்திருக்கலாம். 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்துக் கடும் வறட்சி வந்தபோது இறக்குமதி உச்சத்தைத் தொட்டது. 1966-ல் மட்டும் வெளிநாடுகளிலிருந்து வந்த தானியம் 1 கோடி டன்னைத் தாண்டியது.

இது திட்டமிட்ட சதி என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வயல்வெளியில் களை நின்றால் அறுவடையில் அதன் விதையும் சேர்ந்து வரும். பசியோடு காத்திருக்கும் நாட்டில், கப்பலில் வந்த தானியத்தை நிறுத்தி வைத்து, கடுகை விடச் சிறிய விதையைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. தவறு நடந்தது அந்த இடத்தில்தான். அதைச் சதி என்று சொல்லிவிட்டால் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் மறைந்து போகிறது.

பெயர்கள் பலவிதம்

மக்கள் இதற்கு வைத்த பெயர்களே சுவையானவை. இலை கேரட் இலை போல இருப்பதால் இந்தியில் 'காஜர் காஸ்', அதாவது கேரட் புல். மராட்டியில் நட்சத்திரத்தை நினைவூட்டும் 'சடக் சாந்தணி'. எல்லாவற்றையும் விடப் பிரபலமானது 'காங்கிரஸ் புல்'. வெள்ளைப் பூக்கள் கூட்டமாக நிற்பது காந்திக் குல்லாய் அணிந்த தொண்டர்கள் கூட்டம் போல இருந்ததால் இந்தப் பெயர் என்பார்கள் சிலர். காங்கிரஸ் ஆட்சியில் வந்த கோதுமையோடு வந்ததால் என்பார்கள் வேறு சிலர். எது சரியோ, அறுபதுகளின் அரசியல் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் பார்த்தீனியம் என்ற அறிவியல் பெயரே பேச்சு வழக்காகிவிட்டது.

பூனாவில் தொடங்கிய தோல் நோய்

செடி வந்து சில ஆண்டுகளில் பூனாவின் தோல் மருத்துவர்களிடம் ஒரு விதமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள். வயலிலும் வெளியிலும் வேலை செய்கிறவர்கள். முகம், கண் இமைகள், கழுத்து, மார்பின் திறந்த பகுதி, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, தடித்து, நீர் வடிந்து, தாங்க முடியாத அரிப்பு. மருந்து போட்டால் குறையும், மறுபடி வரும். மழைக்காலத்தில் செடி தழைத்துப் பூக்கும்போது நோயும் அதிகமாகும்.

1968-ல் பூனா மருத்துவர் லோன்கரும் அவருடன் பணியாற்றியவரும், இதற்குக் காரணம் பார்த்தீனியம்தான் என்று ஒரு நோயாளியின் விவரத்தோடு எழுதினார்கள். 1974-ல் லோன்கர், கனடாவின் மிட்செல், இங்கிலாந்தின் கால்னன் ஆகியோர் சேர்ந்து பல நோயாளிகளைப் பற்றி விரிவாக வெளியிட்டார்கள். நோய் முற்றிச் சிலர் இறந்து போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவானது. ஒரு செடி தோலில் அரிப்பு உண்டாக்குவது புதிதல்ல. ஆனால் அதனால் ஆள் சாவது என்பது மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1978-ல் மிட்செலும் கால்னனும் எழுதிய கட்டுரைக்கு, இதை இந்தியாவின் சாபக்கேடு என்று சொல்லும் பொருளில் தலைப்பு வைத்தார்கள்.

ஏன் எல்லோருக்கும் வருவதில்லை?

காஞ்சொறிச் செடி நமக்கெல்லாம் தெரியும். பட்ட உடனே அரிக்கும். யார் மேல் பட்டாலும் அரிக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விடும். பார்த்தீனியம் அப்படி இல்லை. முதல் தடவை தொட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். "நான் எத்தனையோ தடவை கையால் பிடுங்கியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வது இதனால்தான்.

செடியில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய மயிர்களில் அது நிறைந்திருக்கும். அது தோலுக்குள் புகுந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். உடலின் நோய் எதிர்ப்புப் படை அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். இப்படி அடையாளம் பதிய மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஒரு முறை பதிந்துவிட்டால் அது எளிதில் அழியாது. அதன் பிறகு துளி பட்டாலும் ஒன்றிரண்டு நாட்களில் தோல் கொதித்து எழும். இதை மருத்துவர்கள் தாமதமாக வரும் ஒவ்வாமை என்கிறார்கள்.

இன்னொரு கொடுமை, செடியைத் தொடவே வேண்டியதில்லை. காய்ந்த செடியின் மயிர்களும் துகள்களும் தூசியாகக் காற்றில் பறக்கும். ஒவ்வாமை வந்துவிட்டவர் சாலையில் நடந்து போனாலே போதும். அதனால்தான் கையை விட முகமும் கழுத்தும் கண் இமையும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. ஆண்டுகள் ஆக ஆக, சிலருக்கு வெயில் பட்டாலே நோய் கிளம்பும் நிலை வந்துவிடும். தோல் கறுத்து, தடித்து, முகமே மாறிப் போகும். செவ்வந்திப் பூ, சூரியகாந்தி போன்ற உறவுக்காரச் செடிகள் கூட இவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மூக்கில் நீர் வடிதல், தும்மல், இளைப்பு ஆகியவை தனி. அவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் மகரந்தம்.

மருத்துவம் என்ன? தோலில் ஒட்டுப் போட்டுச் சோதித்து, காரணம் பார்த்தீனியம்தான் என்று உறுதி செய்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்புகள் கொடுக்கிறார்கள். கடுமையானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து, தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் முதல் மருந்து செடியை விட்டு விலகி இருப்பதுதான். செடி இல்லாத ஊருக்குப் போனால் குணமாகிறது, திரும்பி வந்தால் நோயும் திரும்பி வருகிறது. ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியிடம் "ஊரை மாற்றிக்கொள்" என்று சொல்வது எளிது. அவர் எங்கே போவார்?

இருபது ஆண்டில் நாடு முழுவதும்

ஒரு பார்த்தீனியம் செடி தன் வாழ்நாளில் 15,000 முதல் 25,000 விதைகள் வரை உண்டாக்கும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஈரம் இருந்தால் ஆண்டில் எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் வளரும். மண்ணுக்குள் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும்.

லாரி டயரின் சேறு, ரயில் பெட்டி, வாய்க்கால் தண்ணீர், மணல், எரு, வைக்கோல், மாட்டின் குளம்பு... எல்லாமே அதற்கு வாகனம். புதிதாகச் சாலை போட்டால், மண்ணைக் கிளறினால், அங்கே முதலில் குடியேறுவது பார்த்தீனியம்தான். மகாராஷ்டிரத்திலிருந்து கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு, வடக்கே காஷ்மீர் வரை சென்றது. இன்று இந்தியாவில் சுமார் 3.5 கோடி ஹெக்டேர் நிலத்தில் இது பரவியிருப்பதாகக் களை ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்!

தோல் மட்டுமல்ல. இதன் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசியும் பொருள்கள் பக்கத்துச் செடிகளை முளைக்க விடுவதில்லை. இதன் மகரந்தம் தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூக்களின் மேல் விழுந்தால் காய் பிடிப்பது குறைகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மேய்ச்சல் இல்லாத கோடையில் வேறு வழியில்லாமல் தின்ற மாட்டின் பால் கசக்கும். அதிகம் தின்ற மாடுகள் நோயுற்று இறந்ததும் உண்டு.

சட்டமும் உப்பும் வண்டும்

கர்நாடக அரசு 1975-ல் பார்த்தீனியத்தைத் தீங்கு செய்யும் களையாக அறிவித்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் அதை அழிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சாலையோரமும் ரயில் பாதையும் புறம்போக்கும் யாருக்குச் சொந்தம்? சட்டம் ஏட்டில் இருந்தது, செடி ரோட்டில் இருந்தது.

பிறகு ஊர் ஊராகப் பார்த்தீனியம் ஒழிப்பு முகாம்கள் நடந்தன. மாணவர்களும் பொதுமக்களும் வரிசையாக நின்று பிடுங்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் கையுறை கூட இல்லாமல், பூத்து நிற்கும் செடியை வெறுங்கையால் பிடுங்க வைத்தால் என்ன ஆகும்? விதை உதிர்ந்து பரவும், மகரந்தம் மூக்கில் ஏறும், பார்த்தீனின் தோலில் படும். நோயை ஒழிக்கப் போய், புதிதாகச் சிலரை நோய்க்குத் தயார் செய்வதாகிவிடும்.

காலி நிலங்களில் சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு என்பது கணக்கு. செலவு குறைவு, ஆனால் பயிர் செய்யும் நிலத்தில் உப்பைக் கொட்ட முடியாது. தகரை, ஆவாரை போன்ற செடிகளை வளர்த்து அவற்றைக் கொண்டு பார்த்தீனியத்தை நெருக்கும் முறையும் முயன்று பார்க்கப்பட்டது. சில இடங்களில் அது நல்ல பலன் தந்தது.

இதில் மிகவும் சுவையான அத்தியாயம் மெக்சிகோ வண்டின் கதை. பகைவன் கூட வராததால்தானே செடி பெருகியது? அப்படியானால் பகைவனையே வரவழைத்தால் என்ன? 1983-ல் மெக்சிகோவிலிருந்து சைகோகிராமா பைகலரேட்டா என்ற சிறு வண்டு பெங்களூருவுக்குக் கொண்டு வரப்பட்டது. அது வேறு பயிர்களைத் தின்னாது என்று சோதித்த பிறகு 1984-ல் வெளியே விட்டார்கள். வண்டும் அதன் புழுவும் பார்த்தீனிய இலையை ஆசையாகத் தின்றன. சில ஆண்டுகளில் பெங்களூருவைச் சுற்றிப் பல இடங்களில் செடிகள் இலை இல்லாமல் மொட்டையாக நின்றன.

எல்லோரும் மகிழ்ந்திருந்த நேரத்தில், 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் இந்த வண்டுகள் சூரியகாந்தி இலையைக் கடிப்பதாகப் புகார் வந்தது. ஒரு களையை அழிக்கப் போய் எண்ணெய் வித்துப் பயிரை அழித்துவிட்டார்களா? பெரிய விவாதம் எழுந்தது. உண்மையை அறிய அரசு குழு அமைத்தது. ஆராய்ந்து பார்த்ததில், பக்கத்தில் நின்ற பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைகளின் மேல் விழுந்திருந்ததும், அதன் வாசனைக்கு ஏமாந்து வண்டுகள் இலையைக் கடித்ததும் தெரிந்தது. சூரியகாந்தியை மட்டும் தின்று அந்த வண்டால் தலைமுறை தலைமுறையாகப் பெருக முடியாது. பயம் தணிந்தது.

வண்டு இன்று நாட்டின் பல பகுதிகளில் நிலைத்துவிட்டது. ஆனால் அது மழைக்காலத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். பார்த்தீனியத்துக்கு அப்படி உறக்கம் கிடையாது. அதனால் வண்டு மட்டும் போதாது என்பதுதான் இத்தனை ஆண்டு அனுபவம். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் நடத்தி வருகிறது. எல்லா முறைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதே அதன் செய்தி.

கடல் தாண்டி ஈழத்துக்கு

பார்த்தீனியம் பாக் நீரிணையையும் தாண்டியது. இலங்கையில் இது முதலில் அடையாளம் காணப்பட்டது 1999-ல், வவுனியாவில். 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படைக்காக இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஆடுகளோடும் வாகனங்களோடும் விதைகள் போயிருக்கும் என்று கருதப்படுகிறது. இந்தியாவுக்குக் கோதுமை என்றால், ஈழத்துக்கு ஆடு! பத்து ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் அது பரவியதற்குப் போரும் ஒரு காரணம். குண்டு விழும் ஊரில் களைச்செடியை யார் கவனிப்பார்கள்? ஆள் இல்லாமல் கிடந்த வயல்களும் காணிகளும் அதற்கு வசதியாகிவிட்டன. யாழ்ப்பாணத்தில் பாத்தீனியம் என்று சொல்கிறார்கள். போர் முடிந்த பிறகு வடக்கில் பாத்தீனிய ஒழிப்பு இயக்கங்கள் நடந்தன.

ஆஸ்திரேலியாவின் கதையும் ஒப்பிட வேண்டியது. அங்கே குயின்ஸ்லாந்தில் டூகூலவா என்ற ஊருக்கு அருகில் 1955-ல் இது காணப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வந்த அமெரிக்க இராணுவத் தளவாடங்களோடு வந்திருக்கும் என்பது ஊகம். பிறகு 1960-ல் டெக்சாஸிலிருந்து வாங்கிய மேய்ச்சல் புல் விதையோடு கிளெர்மாண்ட் பகுதிக்கு மறுபடி வந்தது. அங்கிருந்துதான் பெரிய அளவில் பரவியது. அவர்களும் இதை முற்றிலும் ஒழித்துவிடவில்லை. ஆனால் விதை ஒட்டிய வண்டி அடுத்த ஊருக்குப் போகக் கூடாது என்று, வாகனங்களையும் அறுவடை இயந்திரங்களையும் கழுவுவதற்குத் தனி இடங்களை ஏற்படுத்தினார்கள். பூச்சிகளையும் பூஞ்சைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து இறக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் வெளியிட்ட ஆபத்தான அந்நிய உயிரினங்களின் முதல் பட்டியலிலேயே பார்த்தீனியத்தைச் சேர்த்துவிட்டது. வந்த பிறகு பிடுங்குவதை விட, வரும் முன் தடுப்பது எவ்வளவு மலிவு என்பதை இந்தியாவின் அனுபவமும் அவர்களுக்குச் சொல்லியிருக்கும்.

முடிவாக...

கோதுமை, ஆடு, புல் விதை, இராணுவ வண்டி... மூன்று நாடுகளிலும் கதை ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் மனிதர்கள் வேறு ஏதோ அவசரத்தில் இருந்தார்கள். பஞ்சம், போர், வியாபாரம். அந்த அவசரத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் விதை வந்து இறங்கியது. முடிவு எடுத்தவர்கள் யாருக்கும் முகம் தடிக்கவில்லை. அரித்தது வயலில் குனிந்து வேலை செய்தவர்களுக்குத்தான்.

செடியைப் பார்த்தால் செய்ய வேண்டியது மிக எளிது. பூக்கும் முன்பே, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி அவசியம். கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளலாம். பூக்காத செடியை மக்க வைத்து உரமாக்கலாம். பூத்த செடியை உலுக்கவோ, காய்ந்ததை அடித்து நொறுக்கவோ கூடாது. வேலை முடிந்ததும் கை, முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஏற்கெனவே தோல் ஒவ்வாமையோ இளைப்போ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. சில இடங்களில் பார்க்க அழகாக இருக்கிறதென்று இந்தப் பூவைப் பூங்கொத்துகளில் சேர்த்து விற்றதும் நடந்திருக்கிறது. அப்படி ஒரு பூங்கொத்து கைக்கு வந்தால் வெள்ளைப் பூவை ஒரு முறை உற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த முறை பள்ளியிலோ கல்லூரியிலோ பார்த்தீனியம் ஒழிப்பு முகாம் என்று அறிவிப்பு வந்தால், கட்டாயம் போகலாம். ஆனால் போகும் முன் "கையுறை தருவீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம். பூனாவின் அந்த நோயாளிகள் காலத்தில் இப்படிக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியும்.